சுருட்டை முடி... நெருப்பில்லாமல் நேராகுமா?



தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி... மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில், ஒரே சாலையில் வரிசையாக இருக்கும் ஊர்கள் இவை. ஜூன் மாதம் குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் இந்தப் பக்கத்துக் காற்றே மாறிவிடும். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்துகொள்ளும். காலையில் காயப்போட்ட துணி சாயங்காலம் வரைக்கும் காயாது. டப்பாவை மூட மறந்தால் அப்பளம் நமத்துப் போகும்.

அந்த நாட்களில் வாசுதேவநல்லூரில் பள்ளிக்கூட வாசலில், காலை மணி அடிக்கும் நேரத்தில் நின்று பாருங்கள். எண்ணெய் தேய்த்து, படிய வாரி, இரட்டைச் சடை மடித்துக் கட்டி வரும் தலைகளில்கூட நெற்றியோரம் குட்டிக் குட்டிச் சுருள்கள் எழுந்து நிற்கும். சாதாரண முடிக்கே இப்படி என்றால், சுருட்டை முடிக்காரர்கள் பாடு கேட்கவே வேண்டாம்! காலையில் அம்மா அரை மணி நேரம் போராடி வாரிவிட்டது, பிரேயர் முடிவதற்குள் பழையபடி புஸ்ஸென்று எழும்பிவிடும். உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஏ, நூடுல்ஸ் தலை!"

உங்களில் சிலருக்கு இந்தப் பட்டப்பெயர் வந்திருக்கும். சிலர் அதைச் சூட்டியவர்களாக இருப்பீர்கள். பட்டப்பெயர் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று, "இந்த முடியை எப்படியாவது நேராக்க முடியாதா?" என்று யோசித்திருப்பீர்கள். சூடான இரும்புக் கருவியைத் தலையில் வைக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிக்காததும் சரிதான். அப்படியானால் சூடே இல்லாமல் நேராக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் ஒரு நாளுக்கு, மிஞ்சிப்போனால் இரண்டு நாளுக்கு! ஏன் அவ்வளவுதான் என்பது தெரிய வேண்டுமானால், முதலில் முடிக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

முறுக்கு அச்சும் முடியும்

வீட்டில் முறுக்குப் பிழிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மாவு ஒன்றுதான். அச்சில் உள்ள ஓட்டை நட்சத்திரமாக இருந்தால் முள்ளு முறுக்கு. வட்டமாக இருந்தால் தேன்குழல். முடியும் அப்படித்தான். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்குள் இருக்கும் ஒரு குட்டிக் குழியிலிருந்து வளர்கிறது. குழி நேராக இருந்தால் முடி நேராக வரும். குழி வளைந்து, கொக்கி போல இருந்தால் முடி சுருண்டு வரும். நேர் முடியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் வட்டமாகத் தெரியும். சுருட்டை முடியோ முட்டை வடிவத்தில், சற்றுச் சப்பையாக இருக்கும்.

குழியின் வடிவம் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியிடமிருந்து வருவது. ஒரே தலையில்கூட உச்சியில் ஒரு மாதிரி, காதோரம் இன்னொரு மாதிரி இருக்கலாம். வாசுதேவநல்லூர்க் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார். அர்த்தநாரீஸ்வரர் சிற்பங்களில் பொதுவாக வலப்பாதித் தலையில் சிவனின் சடைமுடியும், இடப்பாதியில் அம்மனின் தலை அலங்காரமும் இருக்கும். ஒரே தலையில் இரண்டு விதம்! அடுத்த முறை சிற்பம் எதையாவது பார்க்கும்போது தலையைக் கவனித்துப் பாருங்கள்.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளரும். வெளியே தெரியும் பகுதிக்கு உயிர் கிடையாது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. வெளியே இருக்கும் முடியை நீங்கள் என்ன செய்தாலும், உள்ளே இருக்கும் குழிக்கு அது தெரியாது. அது பாட்டுக்குச் சுருட்டை முடியையே அனுப்பிக்கொண்டிருக்கும். பார்லரில் ஆயிரக்கணக்கில் செலவழித்து நேராக்கினாலும், மூன்று மாதத்தில் வேரோரம் மூன்று செ.மீ. சுருட்டை எட்டிப் பார்க்கும்.

பசையும் பின்னும்

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகம், மாட்டின் கொம்பு, குதிரைக் குளம்பு எல்லாம் இதே சரக்குதான். கெரட்டின் இழைகள் சுருளாக, ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு கயிறு போல இருக்கின்றன. (புரத இழைகள் இப்படிப் பின்னிக்கொள்வதை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஜி.என். ராமச்சந்திரன் என்று பெயர். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற இன்னொரு புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போல இருக்கிறது என்று 1954ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். மூன்று கால் சடை ஞாபகம் வருகிறதா?)

இந்த இழைகளை ஒன்றோடு ஒன்று பிடித்து வைப்பவை முக்கியமாக இரண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாள்களைப் பசையால் ஒட்டி, அதற்கு மேல் பின்னும் அடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பசை தண்ணீர் பட்டால் இளகிவிடும். காய்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பின் அப்படியில்லை. தண்ணீரில் நாள் முழுக்க ஊறினாலும் கழலாது.

முடியில் பசையாக இருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. பின்னாக இருப்பது கந்தகப் பிணைப்பு. முடி கருகினால் ஒரு நாற்றம் வருமே, அதற்குக் காரணம் இந்தக் கந்தகம்தான்.

தலைக்குக் குளித்ததும் பசை இளகுகிறது. முடி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் முடியை எந்த வடிவத்தில் பிடித்து வைக்கிறீர்களோ, காய்ந்த பிறகு அதே வடிவத்தில் நிற்கும். ஈரத் தலையோடு பின்னிய சடையை மறுநாள் அவிழ்த்தால் அலை அலையாக வருவது இதனால்தான். இதையே திருப்பிச் செய்தால்? சுருட்டை முடியை ஈரத்தில் இழுத்துப் பிடித்துக் காயவைத்தால் நேராக நிற்கும்! சூடே வேண்டாம்.

மறுபடி ஈரம் பட்டால் பசை இளகும். அப்போது கழலாமல் இருக்கும் பின்கள், "எங்கள் பழைய வடிவம் இது" என்று முடியை இழுத்துச் சுருட்டிவிடும். இதற்குக் குளிக்கக்கூட வேண்டாம், குற்றாலச் சாரல் காற்றே போதும்.

நம்ப முடியவில்லையா? சீப்பில் வந்த சுருட்டை முடி ஒன்றை எடுத்து நனைத்து, ஸ்கேலின் மேல் நீட்டி இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்ததும் எடுங்கள். நிமிர்ந்து நிற்கும். இப்போது அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்... ஆஹா, பாம்பு மாதிரி நெளிகிறதா?

எப்படிச் செய்வது?

ஆண்டு விழா, குரூப் போட்டோ, அக்கா கல்யாணம் என்று ஒரு நாளைக்கு மாற்றிப் பார்க்க ஆசையாக இருக்கிறதா? விடுமுறை நாளாகப் பார்த்து, காலையில் தொடங்குங்கள். அம்மா, அக்கா யாராவது ஒருவர் உதவிக்கு வேண்டும். பொறுமையும் வேண்டும், அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசிய பிறகு, செம்பருத்தி இலையை அரைத்த தாளியை முடியில் தடவி வைத்து அலசினால் வழுவழுப்பாகிச் சிக்கு எளிதில் எடுபடும். கண்டிஷனர் இருந்தால் அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். பிறகு தலையைத் துவட்டும்போது முரட்டுத்தனமாகத் தேய்க்காதீர்கள். ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள். ஈர முடி காய்ந்த முடியைவிட அதிகமாக நீளும். அதனாலேயே சுலபமாக அறுந்தும் போகும். ஆகவே பெரிய பல் சீப்பால், நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே வந்து சிக்கெடுக்க வேண்டும். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுப்பவர்கள்தான் நம் வீடுகளில் அதிகம். "ஆ... அம்மா!" என்று அலறல் கேட்பதும் அதனால்தான்.

வகிடு எடுத்து முடியை நான்கு அல்லது ஆறு பாகமாகப் பிரியுங்கள். பழைய பனியன் துணியை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தை எடுத்து, நிமிர்ந்து நிற்கும்படி மெல்ல நீட்டி, வேரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பட்டையைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டு அங்குலம் விட்டு இன்னொன்று. இப்படியே நுனி வரைக்கும். பார்க்கக் கரும்புக் கணு மாதிரி இருக்கும்! ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம், முடியோடு சேர்ந்து வந்துவிடும். தலைத்தோல் வலித்தால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே தளர்த்துங்கள். நாள்தோறும் இறுக்கிக் கட்டினால் நெற்றியோர முடி கொட்டி, வகிடு அகலமாகிவிடும்.

இனி முழுக்கக் காய வேண்டும். ஃபேன் காற்று போதும். பாதி ஈரத்தில் அவிழ்த்தால் இவ்வளவு நேரம் உழைத்ததும் வீண். சாரல் நாளில் இதை முயலாதீர்கள். காயாத தலையோடு தூங்கினால் பொடுகும் அரிப்பும்தான் மிச்சம்.

பையன்களுக்கு வேலை குறைவு. ஈர முடியைப் படிய வாரி, மேலே ஒரு துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு காயும் வரை இருந்தால் நெளி முடி படிந்துவிடும். ஸ்பிரிங் போன்ற முடி அவ்வளவு சுலபத்தில் அடங்காது.

அவிழ்த்ததும் விளம்பரத்தில் வருவது போலக் கோரைப்புல்லாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். சுருள் தளர்ந்து, முடி நீளமாகி, லேசான அலையோடு தொங்கும். அவ்வளவுதான். நேராக்கிய நாளில் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து முடியின் மேல் தடவினால் ஈரம் சற்று மெதுவாக ஏறும். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கெரட்டின் கழுவிப் போவதைக் குறைக்கிறது என்று 2003ல் மும்பை ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்!

எலுமிச்சைச் சாறும் தேங்காய்ப் பாலும் கலந்து தடவினால் சுருட்டை நிரந்தரமாக நேராகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அப்படி ஒரு சக்தி அதற்கு இருந்தால் அந்தப் பக்கம் ஒரு சுருட்டைத் தலையையும் பார்க்க முடியாதே! எலுமிச்சைச் சாறு கந்தகப் பின்களை அசைக்காது. தலையில் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் எரிந்து கொப்புளம் வரலாம். சர்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் சுற்றும் தேசம்

நெருப்பில்லாமல் முடியை நிமிர்த்துவதில் கைதேர்ந்தவர்கள் ஆப்பிரிக்க மக்கள். நைஜீரியாவில் யொருபா மொழி பேசும் பெண்கள், முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, வேரிலிருந்து நுனி வரை கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றிவிடுவார்கள். அது குச்சி மாதிரி விறைத்து நிற்கும். அந்தக் குச்சிகளை வளைத்து, இணைத்து, கூடை, கோபுரம், கிரீடம் என்று என்னென்னவோ செய்வார்கள். நூலை அவிழ்த்தால் உள்ளே முடி நீண்டு நிமிர்ந்திருக்கும். நைஜீரியப் புகைப்படக்காரர் ஓகாய் ஒஜெய்கெரே 1968ல் தொடங்கி, இந்தத் தலை அலங்காரங்களைச் சுமார் ஆயிரம் படங்கள் எடுத்தார். பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து எடுத்தவை. முகத்தைவிடத் தலைதான் முக்கியம்!

சூடில்லாத இன்னொரு வழி ரசாயனம். அது கண்டுபிடிக்கப்பட்ட கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் காரெட் மார்கன் என்ற கறுப்பினத்தவர் தையல் இயந்திரக் கடை வைத்திருந்தார். வேகமாக ஓடும் ஊசி சூடாகித் துணியைக் கருக்கியது. அதைத் தடுக்க ஊசிக்குப் பூசும் ஒரு திரவத்தைத் தயாரித்தபோது, கையில் பட்டதை ஒரு கம்பளித் துணியில் துடைத்தாராம். திரும்பி வந்து பார்த்தால் துணியின் சுருள் ரோமம் நிமிர்ந்திருந்தது! பக்கத்து வீட்டுச் சுருட்டை ரோம நாய்க்குத் தடவிப் பார்த்தார். நாயை அதன் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியவில்லையாம். 1913ல் அதை விற்க நிறுவனமே தொடங்கிவிட்டார். மூன்று நிலைகள் கொண்ட டிராபிக் சிக்னலுக்கு 1923ல் காப்புரிமை வாங்கியவரும் இதே மார்கன்தான்.

அதன் பின்னர் வந்த ரசாயனங்கள் கந்தகப் பின்களையே அறுப்பவை. தோல் பதனிடும் இடங்களில் ஆட்டுத்தோல், மாட்டுத்தோலிலிருந்து ரோமத்தை நீக்கவும் சுண்ணாம்போடு கந்தகச் சேர்மம் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். முடியை நேராக்குவதற்கும் கரைப்பதற்கும் நடுவில் அவ்வளவு தூரமில்லை என்று புரிகிறதா? நேராக்கும் சில கலவைகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது சூடாக்கும்போது அது வெளிவருகிறது. உயிரியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் தவளை மிதக்குமே, அந்த ஃபார்மலின் கரைசலில் இருப்பது இதுதான். கண்ணும் தொண்டையும் எரியும். 2022 அக்டோபரில் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நேராக்கும் ரசாயனங்களை ஓராண்டில் 4 முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம், பயன்படுத்தாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கருப்பைப் புற்றுநோய் காணப்பட்டது. அது எல்லோருக்கும் வரும் நோயல்ல. காரணம் ரசாயனம்தான் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்டவும் முடியாது. ஆனாலும் உங்கள் வயதில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டியையும் தொடாதீர்கள்! மேஜையில் முடியை விரித்து இஸ்திரி போடும் விபரீதம் 1960களில் மேல்நாட்டுப் பெண்களிடம் இருந்தது. இன்றைய நேராக்கும் கருவிகளே ஏறத்தாழ 200 டிகிரி வரை சூடாகின்றன. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ஈர முடியில் அந்தச் சூடு பட்டால், முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக உப்பி, முடி அந்த இடத்தில் ஒடிந்துவிடும்.

சுருட்டை எதற்கு?

இவ்வளவு பாடுபட்டு நேராக்க நினைக்கும் சுருட்டைக்கு ஒரு பயன் இருக்கிறது. டீனா லசிசி என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2023ல் வெளியிட்ட ஆய்வு இது. மனிதத் தோலைப் போல வெதுவெதுப்பாக இருக்கும் ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நேர் முடி, ஓரளவு சுருண்ட முடி, நன்றாகச் சுருண்ட முடி என்று மூன்று விக்குகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். மொட்டைத் தலையாகவும் விட்டுப் பார்த்தார்கள். வெயிலுக்குப் பதில் சக்தி வாய்ந்த விளக்குகள். எந்த முடியாக இருந்தாலும் மொட்டைத் தலையைவிட வெயில் சூட்டைத் தடுத்தது. எல்லாவற்றையும்விட நன்றாகத் தடுத்தது, நன்றாகச் சுருண்ட முடி!

காரணம் எளிது. சுருட்டை முடி தலையோடு ஒட்டிப் படியாமல் எழும்பி நிற்கிறது. நடுவில் காற்று தங்குகிறது. தலைக்கு மேல் ஓலைப் பந்தல் போட்ட மாதிரி! வெயில் பந்தலைச் சுடும், கீழே இருப்பவரை அவ்வளவாகச் சுடாது. வேர்வையும் மிச்சம். ஆப்பிரிக்க வெயிலில் நடந்து திரிந்த ஆதி மனிதர்களின் மூளையை இது காப்பாற்றியிருக்கும் என்பது அந்த விஞ்ஞானிகளின் கருத்து. சித்திரை வெயிலில் மத்தியான பீரியடில் பி.டி. வகுப்பு இருப்பவர்கள் கவனிக்க.

தமிழில் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஐந்து விதமாக அலங்கரிக்கப்படுவதால் அந்தப் பெயர். அந்த ஐந்தில் ஒன்றாக 'சுருள்' என்பதையும் உரையாசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். "சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்" என்று பாட்டிகள் சொல்வதும் உண்டு. கோரை முடிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாட்டிக்குச் சுருட்டை முடியாக இருந்திருக்கும்!

முடி சொல்லும் வானிலை

ஈரக் காற்றில் முடி மாறுகிறது என்பதை வைத்து ஒரு கருவியே செய்துவிட்டார் சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி சோசூர். 1783ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், இறங்கினால் குறுகும். முழுக்க வறண்ட காற்றிலிருந்து முழுக்க ஈரமான காற்றுக்கு வந்தால், நூறில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் நீளும். வானிலை ஆய்வு நிலையங்களில் முடி வைத்த ஈரமானிகள் நீண்ட காலம் பயன்பட்டன.

நீங்களும் செய்யலாம். 30 செ.மீ. நீளமுள்ள ஒரு முடியைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். ஒரு பெரிய அட்டையைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். அட்டையின் கீழ்ப்பகுதியில், 15 செ.மீ. நீளமுள்ள ஒரு காகித அட்டைத் துண்டை அதன் ஒரு முனையில் குண்டூசி குத்தி, தாராளமாக ஆடும்படி பொருத்துங்கள். இதுதான் முள். குண்டூசியிலிருந்து 2 செ.மீ. தள்ளி முள்ளில் முடியின் ஒரு முனையை ஒட்டுங்கள். மறு முனையை அட்டையின் மேல்பகுதியில், முள் படுக்கையாக நிற்கும்படி ஒட்டுங்கள். முடி ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே ஒரு ரூபாய் நாணயத்தையும் ஒட்டினால் முடி விறைப்பாக நிற்கும். முடி ஒரு இம்மி நீண்டாலும் முள்ளின் நுனி ஏழு மடங்கு கீழே இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

குளியலறையில் யாராவது வெந்நீரில் குளித்து வந்ததும் உள்ளே கொண்டுபோய் வைத்துச் சோதித்துப் பாருங்கள். பிறகு ஜன்னலோரம் வைத்து, தினமும் காலை 8 மணிக்கு முள் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஏப்ரலில் தொடங்கினால் ஜூனில் சாரல் வந்த அன்று முள் எங்கே போகிறது என்று பார்க்கலாம். கோட்டுக்குப் பக்கத்தில் தேதி போட மறந்துவிடாதீர்கள். அன்று உங்கள் வகுப்பில் எத்தனை தலைகள் புஸ்ஸென்று எழும்பின என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.